ரிவர்ஸ் பழகிய நாட்கள்

காரை முன்னால் ஓட்ட எனக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. கிளச்சும் ஆக்ஸிலேட்டரும் ஒன்றுக்கொன்று அனுசரித்துப் போனால் வண்டி தானாக நகரும். காரைக்குடித் தெருக்களில் அப்போது சேலை கட்டிய ஒருத்தி கார் ஓட்டிக்கொண்டு வந்தால் மாடும் ஒதுங்கும், மாட்டுக்காரனும் ஒதுங்குவான். ஆகவே முன்னால் போவதில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. பின்னால் எடுப்பதுதான் என் உயிரை வாங்கியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பியாகிவிட்டது. அந்த வயதில் கார் பழக வேண்டும் என்று நானாக ஆசைப்படவில்லை. என் கணவருக்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி. செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் கறுத்து, மேலே மேலே ஏறி, மதுரை ஆஸ்பத்திரியில் காலோடு போயிற்று.

புதுவயலில் ஒரு அரிசி மில்லில் அவருக்குப் பங்கு இருந்தது. தினமும் காலையில் தானே காரை எடுத்துக்கொண்டு போவார். இருட்டுவதற்குள் தானே ஓட்டிக்கொண்டு திரும்புவார். டிரைவர் வைத்துக்கொண்டதே இல்லை. ஊரில் எல்லாரும் பிளசர் என்று சொல்கிற கறுப்புக் கார். அதை அவர் கழுவுகிற அக்கறையில் கால்வாசி என்மேல் காட்டியிருந்தால்கூட நான் பூரித்துப் போயிருப்பேன் என்று கேலி செய்வேன். அவரும் மறுத்ததில்லை.

மதுரையிலிருந்து வந்தவர் நேரே அறைக்குள் போனார். வீட்டின் நடுவே திறந்து கிடக்கிற வளவை ஒட்டி எங்களுக்கென்று இருந்த அறை அது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். மில் கூட்டாளி பார்க்க வந்தார், தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னார். நாவிதர் வந்தார், அவரையும் திருப்பி அனுப்பினார். தாடி வளர்ந்தது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் கோபம் வரும். "சாத்து" என்பார். நான் சாத்துவேன், பிறகு வெளியே நின்று அழுவேன்.

எங்கள் வீடுகளில் கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. அவருடைய அண்ணன் குடும்பம் எதிர்ப்பக்கத்து அறைகளில் இருந்தது. அடுப்புதான் தனியே தவிரக் கண்ணும் காதும் பொதுதான். அந்த அண்ணன் மனைவி, என் ஓரகத்திக்கு எங்கள் பக்கத்தில் தாளிக்கிற வாசனையை வைத்தே அன்றைக்கு எங்களுக்குள் சண்டையா இல்லையா என்று தெரிந்துவிடும். கார் ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் தூசி படிந்து நிற்பதைப் பார்த்து அவர் அண்ணன் ஒருநாள் அறை வாசலில் நின்று சொன்னார்: "வண்டிய வெலைக்குக் குடுத்துருவமேப்பா. நின்னு நின்னு வீணாப் போகுது."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "குடுக்க வேணாம். அவ ஓட்டட்டும்."

அந்த 'அவ' யார் என்று எனக்கே விளங்கவில்லை. உள்ளே போய்க் கேட்டேன். "நீதான், வேற யாரு" என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார். ஓரகத்தி வெளியே நின்று மோவாயில் கை வைத்துக்கொண்டாள். இவருக்குக் காலோடு புத்தியும் போய்விட்டது என்று அவள் நினைத்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் ஏறக்குறைய அதே நினைப்புதான்.

ஆனால் எனக்கு ஒரு வழி தெரிந்தது. "வேற ஒருத்தருகிட்டயும் நான் பழக மாட்டேன். நீங்க வெளிய வந்து ஒக்காந்து சொல்லிக்குடுத்தீகன்னா பழகுறேன். இல்லாட்டி அண்ணன் சொல்ற மாதிரி குடுத்துருவோம்" என்றேன். கார் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த மனிதர் அந்த அறையை விட்டு வெளியே வரவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வந்தார். நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் காலையில் ஒரு அக்குளில் ஊன்றுகட்டையைக் கொடுத்து, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வளவைக் கடந்து, பின்கட்டையும் கடந்து வந்து சேர்ந்தார். எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. பின்வாசலுக்கு வெளியே ஒரு காலத்தில் மாட்டு வண்டிகள் நின்ற பெரிய முற்றம். அதன் ஓரத்தில்தான் கார் ஷெட். முற்றத்து நிழலில் பிரம்பு நாற்காலி போட்டிருந்தேன். உட்கார்ந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. வேட்டியை இழுத்து, இல்லாத காலை மூடிக்கொண்டார்.

ரோட்டில் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த வீட்டு டிரைவர் வருவார். அதிகம் பேசாத மனிதர். கோட்டையூர் வரை போய்த் திரும்புவோம். ரிவர்ஸ் மட்டும் முற்றத்தில், என் கணவர் முன்னிலையில்.

லைசென்ஸ் பரீட்சையில் அதுதான் முக்கியம் என்று அவர் சொன்னார். லைசென்ஸுக்குப் பரீட்சை வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் ஊருக்கு வெளியே பொட்டலில் கேம்ப் போடுவார். நாலு கம்பு நட்டிருப்பார்கள். ஒரு காரும் கொஞ்சம் காற்றும் மட்டுமே போகிற இடைவெளியில் பின்னாலேயே வந்து வளைத்து நிறுத்த வேண்டும். கம்பில் பட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் தெரிந்தது. 

கம்பு நட எங்கள் முற்றத்தில் வழியில்லை, தரை அவ்வளவு கெட்டி. சாமான் அறையைத் திறந்தேன். எனக்குக் கல்யாணத்தில் கொடுத்த எனாமல் வாளிகள் அடுக்கோடு இருந்தன. ஒருநாளும் தண்ணீர் படாத வாளிகள். நாலை எடுத்து, மணல் நிரப்பி, துணி காயப்போடுகிற மூங்கில் கழிகளை அதில் சொருகினேன். ஓரகத்தி பார்த்துவிட்டுப் பதறினாள். "ஓ ஆத்தா வச்ச சாமான, மகளுக்குக் குடுக்காம மண்ணள்ளிப் போடுறியே."

"மக கேட்டா மண்ணக் கொட்டிட்டுக் குடுக்குறேன்" என்றேன். முதல் வாரத்திலேயே இரண்டு வாளி நசுங்கியது.

எனக்கு உயரம் போதாது. சமையற்கட்டு மணையை சீட்டில் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து ஏறி உட்காருவேன். செருப்பில்லாமல் ஓட்டுவேன். கியர் கம்பி ஸ்டீரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதை என் பக்கம் இழுத்து மேலே தள்ளினால் ரிவர்ஸ். தள்ளியதும் உலகமே தப்பாகப் போகத் தொடங்கும். இடது பக்கம் போகட்டும் என்று திருப்பினால் என் கண்முன்னே வண்டியின் மூக்கு வலது பக்கம் நகரும். நான் உடனே பயந்து ஸ்டீரிங்கை மாற்றி ஒடிப்பேன். வாளி சத்தம் கேட்கும்.

"மூக்கப் பாக்காத. வாலு எங்க போகுதுன்னு பாரு."

"வாலு எங்க தெரியுது? கண்ணாடியில ஒங்க தலைதான் தெரியுது."

"கண்ணாடிய நம்பாத. கழுத்தத் திருப்பிப் பாரு. ஆங், வா. வா. இங்குட்டு ஒடி. இங்குட்டுன்னா என் பக்கம். முழுசா ஒடி. நேராக்கு. நேராக்குன்னு சொன்னேன்ல."

தினமும் சண்டைதான். நான் என்ன மில் லாரி டிரைவரா என்று ஒருநாள் கத்திவிட்டு, வண்டியை நடு முற்றத்தில் நிறுத்தி இறங்கி, உள்ளே போய்விட்டேன். அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிற்று. எழுந்து உள்ளே போவார் என்று நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. கட்டையால் தரையில் கோடு இழுத்து, வண்டி எந்த இடத்தில் ஒடிய வேண்டும் என்று எனக்காகப் படம் போட்டுக்கொண்டிருந்தார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாளியில் படாமல் உள்ளே வந்தேன்.

இரண்டு மூன்று வாரத்தில் அவர் தாடியை எடுத்துக்கொண்டார். வெளுத்த வேட்டி கேட்டார். காலைக் காபியை முற்றத்திலேயே கொண்டுவரச் சொன்னார். அடுத்த வீட்டு டிரைவரிடம் மில் லாரிகளைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்காமலே சிரிப்புக் காட்டுவார். ஆனால் மழை பெய்த நாளில் பழக்கம் இல்லை என்றால், அன்று முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். கார்புரேட்டர் பழுதாகி வண்டி ஒர்க் ஷாப்பில் கிடந்த நாட்களிலும் அப்படியே. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவரை எழுப்பி உட்கார வைப்பது நானில்லை, மருந்தில்லை. நான் வாளிகளை இடிப்பதுதான்.

வண்டி எடுப்பதில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வண்டியைக் கிளப்பினால் முதல் உருளல் முன்னால்தான் இருக்க வேண்டும். தொழிலுக்குப் போகிறவன் பின்வாங்கிக்கொண்டு புறப்படக் கூடாது என்று அவரைப் பெற்ற அப்பச்சி காலத்திலிருந்தே வருவது. அதனால்தான் என் கணவர் எவ்வளவு களைத்து வந்தாலும் ராத்திரி வண்டியை ஷெட்டுக்குள் ரிவர்ஸில் விட்டுத்தான் இறங்குவார். காலையில் மூக்கு வெளியே பார்த்து நிற்கும். எங்காவது பின்னால் எடுத்தே தீரவேண்டும் என்றால், முதலில் முன்னால் ஒரு சாண் உருட்டுவார். பிறகுதான் ரிவர்ஸ். எனக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதுதான். சாவியைத் திருப்பு, கும்பிடு, முன்னால் ஒரு சாண். என் காலுக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிவிட்டது.

முதல் பரீட்சைக்குப் போனேன். பொட்டலில் லாரிக்காரர்களும் மில் வேலைக்காரர்களுமாக ஆம்பிளைக் கூட்டம். நான் மணையும் தலையணையுமாக வந்து இறங்கியதும் பேச்சு நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் நல்லவிதமாகத்தான் பேசினார். ரோட்டில் ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். கையால் சிக்னல் காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு முன் கம்புக்கு மூக்கு உரசுகிற மாதிரி காரை நிறுத்தச் சொல்லி, "இப்பப் பின்னால எடுத்து அந்தக் கம்புக்குள்ள விடுங்க" என்றார்.

சாவியைத் திருப்பினேன். மனதுக்குள் கும்பிட்டேன். முன்னால் ஒரு சாண் உருட்டினேன். கம்பு சாய்ந்து என் பம்பர்மேல் விழுந்தது.

"ரிவர்ஸுன்னா பின்னால போறதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார். மொதல்ல முன்னால போகாம நாங்க எடுக்க மாட்டோம்" என்றேன். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த கேம்புக்கு வரச் சொல்லிவிட்டார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் டிரைவர் பாவம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

என் கணவர் முற்றத்தில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கம்பு விழுந்தது வரை கேட்டார். பிறகு சிரித்தார். கால் போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சத்தமாக, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஓரகத்தி என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள். நான் தோற்றுவிட்டேன் என்று கேட்டதும் "இதுக்கா இந்தச் சிரிப்பு?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். இதற்காகத்தான் என்றால் நான் இன்னும் நாலு தடவை தோற்பேனே என்று எனக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து பாடம் மாறியது. முன்னால் உருட்டாமல் எடுக்க வேண்டும். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், இத்தனை நாள் ஒடிப்பதும் நேராக்குவதும் படித்ததைவிட இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கை ரிவர்ஸ் போட்டுவிடும், கால் கிளச்சை விடாது. ஏதோ தகாத காரியம் செய்வதுபோல் இருக்கும். "வேணாங்க, நம்ம வீட்டுப் பழக்கத்த ஏன் மாத்தணும்? கொஞ்சம் எடம் விட்டு நிறுத்தச் சொல்லி அவுககிட்டக் கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

"நான் இத்தன வருசம் முன்னாலதானே உருட்டுனேன்" என்றார். "ஒரு நாள் தவறுனதில்ல. என்ன மிஞ்சுச்சு?"

சிரித்த முகம் இல்லை அப்போது. வேட்டிக்கு அடியில் காலியாக இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.  கிளச்சை விட்டேன். வண்டி நேரே பின்னால் போனது.

அந்த வாரத்தில்தான் இடது காலைக் கழுவிவிடும்போது கட்டை விரல் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். டாக்டர் வந்து மருந்து கொடுத்தார், கவனமாக இருக்கச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. காலையில் முற்றத்துக்கு வருகிறவர் இப்போது இன்னும் மெதுவாக வந்தார், அவ்வளவுதான். அந்தக் காலில்தான் முழு உடம்பையும் தாங்க வேண்டியிருந்தது.

இரண்டாம் கேம்புக்கு முந்தின நாள் சாயங்காலம் பழக்கம் முடிந்ததும், வாளிகளை உள்ளே எடுத்து வைத்துவிடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு நீ பாஸாயிருவ. இனிமே இது எதுக்கு? நாற்காலியயும் உள்ள போடச் சொல்லு."

"பாஸானா ஒங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறேன். எங்க போகலாம், சொல்லுங்க. மில்லுக்குப் போவமா? குன்றக்குடிக்கு?"

"எங்கயும் வேணாம். நான் எங்கயும் வரல." நிதானமாகத்தான் சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மகளப் பாக்கணும், ஆஸ்பத்திரி கோயில்னு போகணும்னா இனி ஒருத்தர் கையயும் எதிர்பாக்க வேணாம் நீ. அது போதும் எனக்கு. அந்த ஒரு கவலதான் இருந்துச்சு, அதுவும் நாளையோட விட்டுச்சு."

அவர் எதற்காக எனக்குக் கார் பழக்கினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவரை வெளியே கொண்டுவரப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் தான் போன பிறகு எனக்கு ஆகட்டும் என்று பழக்கிக்கொண்டிருந்தார். நான் பாஸானால் அவருக்கு இங்கே வேலை முடிந்தது. திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளலாம். அன்று அடுப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். ஓரகத்தி பக்கம் சத்தம் போகக் கூடாதே என்றுதான்.

மறுநாள் பொட்டலில் அதே கம்புகள், அதே இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததும் முன்கம்பைக் கொஞ்சம் தள்ளி நடச் சொன்னார். வேண்டாம் சார், இருக்கட்டும் என்றேன். கழுத்தைத் திருப்பினேன். கிளச்சை விட்டேன். ஒடித்தேன், நேராக்கினேன், நின்றேன். இறங்கிப் பார்த்தால் நாலு பக்கமும் கம்புகள் ஆடாமல் நின்றன. லாரிக்காரர்களில் ஒருவர் கை தட்டினார். பாஸ் என்றார் இன்ஸ்பெக்டர்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஒரு நிமிஷம் பட்டேன் என்றும் சொல்ல வேண்டும். வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது, பின்வாசல் திறந்திருப்பது தெரிந்தது. அவர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, சட்டை. வண்டிச் சத்தம் கேட்டுக் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலிருந்த டிரைவரிடம், "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், ஒருத்தருகிட்டயும்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் "சரிங்க ஆச்சி" என்றார்.

"என்னாச்சு?" என்றார் என் கணவர்.

"போச்சு" என்றேன். "இந்தத் தடவ பின்கம்புல பட்டுருச்சு."

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி விடு" என்றார். "வாளிய வெளிய எடு."

பொய் சொன்னதற்கு எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. தோற்றுவிட்டாள் என்ற செய்தி ஓரகத்தி வழியாக அவள் தாய்வீடு வரை போயிற்று. போகட்டும் என்று இருந்தேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். சிவப்பு எழுத்தில் எழுதிய எல் போர்டு வண்டியில் முன்னும் பின்னும் அப்படியே தொங்கிற்று. டிரைவர் வந்து பக்கத்தில் உட்காருவதும் நிற்கவில்லை.

தெரிந்ததைத் தெரியாததுபோல் செய்வது லேசான வேலை இல்லை. எந்த வாளியை எப்போது இடிப்பது என்று ராத்திரியே யோசித்து வைக்க வேண்டியிருந்தது. தொடர்ந்து இடித்தால் சலித்துப் போவார், ஒரேயடியாகச் சரியாக விட்டால் பரீட்சைக்குப் போ என்பார். ஆகவே இரண்டு நாள் நன்றாக விடுவேன், மூன்றாம் நாள் சொதப்புவேன். கேம்ப் வந்தால், அன்றைக்கு உடம்பு சரியில்லை என்பேன். அவரும் வற்புறுத்தவில்லை. முன்போல் கத்துவதையும் நிறுத்திவிட்டார். "இன்னொரு தடவ வா. அவசரமில்ல" என்பார். வலி கூடிக்கொண்டு வந்ததால் சத்தம் போடத் தெம்பில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். வேப்பங்காற்று வீசுகிற கோடைக்காலம் வந்து போயிற்று, அடுத்து மழைக்காலம் வந்தது. மழை விட்ட நேரத்தில்கூட, ஈரத்தில் நாற்காலி போடச் சொல்லி வந்து உட்கார்ந்தார். என் வாழ்க்கையில் அந்த மனிதரோடு அத்தனை நேரம் நான் பேசியது அந்த மாதங்களில்தான். அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் மில் அவரை எடுத்துக்கொண்டது.

விரலில் இருந்த கறுப்பு பாதத்துக்கு ஏறியது. காய்ச்சல் வந்தது. மதுரைக்கு உடனே கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். அடுத்த வீட்டு டிரைவர் ஓட்டுவதாகச் சொன்னார். என் கணவர், "அவ ஓட்டட்டும், நீங்க பக்கத்துல இருங்க" என்றார். அவர் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, இந்த நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டார். பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்தோம். நான் மணைமேல் ஏறி உட்கார்ந்தேன். முன்னால்தான் புறப்பட்டோம்.

வழியில் திருப்பத்தூரில் டிரைவர் சோடா வாங்க இறங்கினார். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"அந்த எல் போர்டக் கழட்டிரு" என்றார் பின்னாலிருந்து. "பாஸானவ அத மாட்டிக்கிட்டு ஓட்டக் கூடாது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நீ தோத்தா எப்படி வருவேன்னு நான் ஒருதடவ பாத்திருக்கேன்ல."

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லாம இருந்தீக?"

 காய்ச்சலில் கண் அயர்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன். "எனக்கும் வெளிய வந்து ஒக்கார ஒரு சாக்கு வேணும்ல" என்றார்.

டிரைவர் சோடாவோடு வந்துவிட்டார். நான் இறங்கிப் போய், பின்பக்கம் நின்று போர்டைக் கழற்றுவதுபோல் நேரம் போக்கினேன். கயிற்றை அவிழ்க்கக் கை வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.

மதுரையில் அந்தக் காலையும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. நினைவு வந்து வந்து போயிற்று. மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அண்ணனும் ஓரகத்தியும் வந்தார்கள். ஒரு விடியற்காலையில் என் கையைப் பிடித்தபடியே போனார். என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது திருப்பத்தூரில் பேசியதுதான்.

ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் கார் நின்றது, பின்னால் எல் போர்டு தொங்கிக்கொண்டு. அவர் அண்ணன் எல்லாவற்றையும் முன்னின்று ஏற்பாடு செய்தார். சாவியை என்னிடம் கேட்டு வாங்கி டிரைவர் கையில் கொடுத்தார். "நீங்க ஓட்டுங்க. இவளுக்குத்தான் லைசென்ஸ் இல்லையே" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் சாவியை நீட்டிவிடுவார் என்று தெரிந்தது. சொல்ல வாய் வரை வந்தது. அந்தப் பக்கம் ஓரகத்தி நின்றாள். சொன்னால், நொண்டிப்போன புருஷனை மாதக்கணக்காக ஏமாற்றினாள் என்பதுதான் ஊருக்கு மிஞ்சும். முற்றத்தில் அவரோடு கழிந்த அந்தக் காலைப்பொழுதுகளை யார் வாயிலும் போட எனக்கு மனமில்லை. சொல்லாமல் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் தலை என் மடியில் இருந்தது. மேலூர் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. டிரைவர் வேகம் எடுத்தார். பொழுதோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் தலை அசைந்தது, நான் பிடித்துக்கொண்டேன். நான் ஓட்டியிருந்தால் இன்னும் மெதுவாகக் கூட்டிவந்திருப்பேன்.